சிறுவர் கால்பந்தில் நடுவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறையில் நடந்த சிறுவர், சிறுமியர் கால்பந்துப் போட்டிகள் முடிந்த கையோடு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நடுவர்களைப் பற்றியே இருந்தன. சில கோபத்தில் எழுதப்பட்டவை. சில உண்மையான ஐயத்தில் எழுதப்பட்டவை. ஒன்று, விசிலை அண்மையில்தான் கையில் எடுத்த ஓர் இளைஞர் மனம் நொந்து எழுதியது. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே வந்ததால் இந்த இதழில் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். குழந்தைகளின் நலன் கருதி எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அரையிறுதியின் கடைசி நிமிடத்தில், எதிரணிப் பையன் மிக அருகிலிருந்து உதைத்த பந்து இவன் கையில் பட்டது. நடுவர் உடனே பெனால்டி கொடுத்தார்; தோற்றுவிட்டோம். அதே மைதானத்தில் அடுத்து நடந்த ஆட்டத்தில் வேறொரு பையனின் கையில் பந்து பட்டபோது, அதே நடுவர் ஆட்டத்தைத் தொடரும்படி சைகை காட்டினார். இது பாரபட்சம் இல்லையா?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: இரண்டையும் நேரில் பார்க்காத நிலையில் எது சரி, எது தவறு என்று நான் சொல்வது முறையாகாது. ஆனால் ஒரே நடுவர் ஒரே நாளில் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார் என்பதை மட்டும் வைத்து அவரைப் பாரபட்சம் உடையவர் என்று முடிவுகட்ட முடியாது. அந்த இரண்டு தீர்ப்புகளுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு.

பந்து கையில் பட்டதும் கோட்டுக்கு வெளியே நிற்கும் எல்லாரும் ‘ஹேண்ட்ஸ்!’ என்று கத்துவது நம் ஊர் வழக்கம். கையில் பட்டாலே குற்றம் என்று கால்பந்துச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கால்பந்தின் பதினேழு சட்டங்களில் பன்னிரண்டாவது, மூன்று நிலைகளைக் குற்றமாகக் கருதுகிறது. வேண்டுமென்றே பந்தைக் கையால் தொடுவது, கையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோவது ஆகியவை முதல் நிலை. உடலை இயல்புக்கு மீறி அகலப்படுத்தும் நிலையில் கை இருக்கும்போது பந்து அதில் படுவது இரண்டாவது. கையில் பட்ட பந்து நேராகக் கோலுக்குள் போவது, அல்லது பட்ட உடனே அதே ஆட்டக்காரர் கோல் அடிப்பது மூன்றாவது. இதில் மட்டும் தற்செயலாகப் பட்டிருந்தாலும் கோல் செல்லாது. கை என்பது அக்குளின் அடிமட்டத்துக்குக் கீழே தொடங்குகிறது. தோளின் மேற்பகுதியில் பட்டால் அது கையில் பட்டதாகாது.

சிக்கல் முழுவதும் அந்த இரண்டாவது நிலையில்தான் இருக்கிறது. அந்தக் கணத்தில் அந்த உடல் செய்துகொண்டிருந்த அசைவுக்குக் கை அப்படி இருந்தது பொருந்துகிறதா என்பதை நடுவர் எடைபோட வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவனின் கை வீசும்; குதிப்பவனின் கை உயரும்; கீழே விழுகிறவன் கையை ஊன்றுவான். சுவர்போல நின்றபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்திருப்பவனின் நிலை வேறு. எவ்வளவு அருகிலிருந்து பந்து வந்தது, கையை இழுத்துக்கொள்ள நேரம் இருந்ததா என்பவற்றையும் நடுவர் கணக்கில் எடுப்பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பந்து வந்தால் முகத்தைத் திருப்பி, தோளைச் சுருக்கி, கையை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். அதை உடலை அகலப்படுத்தியதாகக் கொள்வது சட்டத்தின் நோக்கத்துக்கு ஒவ்வாது என்பது என் கருத்து. உங்கள் மகன் அப்படி நின்றிருந்தால் உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. கையை விரித்து நின்றிருந்தால் நடுவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

பெனால்டி கொடுக்கப்பட்டால் உடனே அட்டையும் காட்ட வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. வேண்டுமென்றே செய்யாத ஹேண்ட்பால் ஒரு உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்து, அதற்காகப் பெனால்டி கொடுக்கப்பட்டால்கூட எச்சரிக்கையான மஞ்சள் அட்டை போதும் என்று 2024ஆம் ஆண்டிலிருந்து சட்டம் தளர்த்தப்பட்டிருக்கிறது. ஒரு சிறுவனைத் தற்செயலுக்காக வெளியே அனுப்பும் கொடுமை இதனால் குறைந்தது.

கேள்வி: பெண்கள் பிரிவில் ஆட வந்த எங்கள் மாணவிக்கு அண்மையில்தான் காது குத்தியிருந்தார்கள். தோட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினோம். நடுவர் அனுமதிக்கவில்லை. மனிதாபிமானம் வேண்டாமா?
– உடற்கல்வி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: நடுவர் செய்தது சரி. நகை எதுவும் அணியக் கூடாது, அதை ஒட்டி மறைத்தும் ஆடக் கூடாது என்று நான்காவது சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. சங்கிலி, மோதிரம், காப்பு, தோடு இவற்றோடு தோல் பட்டையும் ரப்பர் வளையமும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. கோயிலில் கட்டிய கயிறு, கருங்காலி மாலை, செப்புக் காப்பு ஆகியவற்றைக் கழற்றச் சொல்லும்போது பெற்றோர் மனம் வருந்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு பிள்ளைகள் உயரப் பந்துக்கு எழும்பும்போது ஒருத்தியின் விரல் மற்றவளின் தோட்டில் சிக்கினால் காது மடல் கிழிந்துவிடும். மனிதாபிமானத்தின் பொருட்டே அந்தச் சட்டம் இருக்கிறது.

நடுவர் மேல் நான் குறை சொல்வதானால் ஒன்றுதான் சொல்வேன். இந்தச் சோதனையை அணி மைதானத்துக்குள் இறங்கும் நேரத்தில் செய்யக் கூடாது. அரை மணி நேரம் முன்பே செய்ய வேண்டும். அதைவிட, போட்டி அமைப்பாளர்கள் அழைப்புக் கடிதத்திலேயே இதை எழுதிவிட்டால், காது குத்துவதைப் பெற்றோர் ஒரு மாதம் தள்ளி வைத்துக்கொள்வார்கள். தலையை மூடும் துணி அணிய விரும்பும் மாணவிகளுக்குத் தடை இல்லை. உடையிலிருந்து பிரிந்து, ஊசியோ முடிச்சோ இல்லாமல், தலையோடு ஒட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டியில் எதிரணியில் மீசை அரும்பிய ஒருவன் ஆடினான். எங்கள் பிள்ளைகளைவிட ஓர் அடி உயரம். நடுவரிடம் முறையிட்டேன், ‘அது என் வேலை இல்லை’ என்று சொல்லிவிட்டார். வேறு யார் வேலை?
– பயிற்சியாளர், சென்னை

பதில்: போட்டிக் குழுவின் வேலை. அமைப்பாளர்கள் கொடுத்த பட்டியலில் பெயரும் அடையாள அட்டையும் இருந்தால், தோற்றத்தை வைத்து ஒரு பையனை ஆடக்கூடாது என்று சொல்ல நடுவருக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் போட்டி விதிகளில் சொன்ன கால எல்லைக்குள் எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுத்திருக்க வேண்டும்.

வயது மோசடி நம் நாட்டு இளையோர் கால்பந்தின் நெடுநாள் நோய் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து மதிப்பிடும் டி.டபிள்யூ.3 முறையைத் தன் போட்டிகளில் பயன்படுத்துகிறது. பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா 2009இல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. இவையே திட்டவட்டமான பிறந்த தேதியைச் சொல்லிவிடுவதில்லை. எலும்பின் முதிர்ச்சியைத்தான் சொல்கின்றன. அப்படியிருக்க, கோட்டுக்கு வெளியே நின்று மீசையைப் பார்த்து வயதைக் கணிப்பது எவ்வளவு பிழையானது என்று எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று வயதில் மீசை அரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் காது கேட்க ‘இவன் காலேஜ் பையன்’ என்று கத்துவது, அவன் உண்மையிலேயே பதின்மூன்று வயதுக்காரனாக இருந்தால், ஒரு குழந்தையை ஊரறிய அவமதிப்பதாகும். அப்படிக் கத்துவதை நிறுத்தும் அதிகாரம் நடுவருக்கு உண்டு. அவர் அதைப் பயன்படுத்த வேண்டும்.

உருவ வேறுபாடு பெரிதாக இருக்கும் ஆட்டத்தில் நடுவருக்கு ஒரு கடமை இருக்கிறது. தோளோடு தோள் மோதுவது முறையான ஆட்டம்தான் என்றாலும், கவனக்குறைவாகவோ அளவுக்கு மீறிய வேகத்திலோ மோதினால் ஃபவுல். அந்தக் கோட்டை அவர் முதல் பத்து நிமிடத்திலேயே தெளிவாகப் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: ஐயா, எனக்குப் பத்தொன்பது வயது. இந்த ஆண்டுதான் நடுவர் தேர்வில் தேறினேன். பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றில் த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது) ஒன்றைத் தவறான பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று பெற்றோர் பலர் சேர்ந்து என்னையும் என் வீட்டாரையும் திட்டினார்கள். ஒருவர் மைதானத்துக்குள்ளேயே வந்து என் சட்டையைப் பிடித்தார். அமைப்பாளர்கள் ‘விடு தம்பி, இதெல்லாம் சகஜம்’ என்றார்கள். இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றுகிறது.
– ஒரு நடுவர், தூத்துக்குடி

பதில்: தம்பி, அது சகஜம் இல்லை. முதலில் அந்தச் சொல்லை ஏற்க மறுத்துவிடுங்கள். சட்டையைப் பிடித்தது தாக்குதல். அதைச் சகஜம் என்று சொன்ன அமைப்பாளர்கள் தங்கள் கடமையில் தவறியிருக்கிறார்கள்.

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மெரே நகரில் ஓர் இளையோர் ஆட்டத்தில் கொடிபிடித்த துணை நடுவரை, எதிரணியின் பிள்ளைகள் சூழ்ந்து உதைத்தார்கள். அவர் மறுநாள் இறந்துபோனார். அவர் தொழில்முறை நடுவர் அல்ல. தன் மகன் ஆடுகிறான் என்பதற்காகக் கொடியைப் பிடிக்க முன்வந்த ஒரு தகப்பன். அடுத்த வார இறுதியில் அந்த நாட்டில் உள்ளூர் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. வழக்கில் பதின்ம வயதினர் ஆறு பேரும், அவர்களில் ஒருவனுடைய தந்தையும் தண்டனை பெற்றார்கள். இதை உங்களை அச்சுறுத்தச் சொல்லவில்லை. கோட்டுக்கு வெளியே பெரியவர்கள் பேசுவதைத்தான் உள்ளே பிள்ளைகள் செய்கிறார்கள் என்பதையும், சிறிய அத்துமீறலைச் சகஜம் என்று விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதையும் அமைப்பாளர்கள் உணர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 2008இல் ‘ரெஸ்பெக்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, பார்வையாளர்கள் கோட்டை நெருங்காதபடி கயிறு கட்டும் முறையைப் பரப்பியது. அதன் பிறகும் தொல்லை நிற்காததால், 2023இல் வட இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ வட்டாரத்தில் பெரியவர்களின் உள்ளூர் ஆட்டங்களில் நடுவர்கள் மார்பில் கேமரா அணிந்து ஆட்டம் நடத்தும் சோதனையைத் தொடங்கியது. பிரச்சினை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆனால் மற்ற ஊர்க்காரர்கள் அதைச் சகஜம் என்று விட்டுவிடவில்லை.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை. ஆட்டத்துக்கு முன் இரு பயிற்சியாளர்களிடமும் சென்று கைகுலுக்கி, ‘உங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு நீங்கள்தான் பொறுப்பு’ என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். கோட்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிக் கயிறு கட்டச் சொல்லுங்கள். கயிறு இல்லாத மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போதும். ஒரு கோடு இருந்தால் பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டத் தயங்குவார்கள். அமைப்பாளர்களில் ஒருவரைப் பெயர் சொல்லி, ‘ஏதாவது நடந்தால் நான் உங்களைத்தான் கூப்பிடுவேன்’ என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பார்வையாளருக்கு அட்டை காட்டும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அணியின் பயிற்சியாளருக்கும் அலுவலருக்கும் காட்டலாம். 2019இலிருந்து அவர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு. பெற்றோர் வரம்பு மீறினால் விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்துங்கள். பயிற்சியாளரைக் கூப்பிட்டு, யார், என்ன சொன்னார் என்பதைச் சொல்லி, அவரை அமைதிப்படுத்தச் சொல்லுங்கள். மீண்டும் நடந்தால், அந்த நபர் மைதானத்தை விட்டுப் போகும்வரை ஆட்டம் தொடங்காது என்று அறிவியுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் ஆட்டத்தைக் கைவிடும் அதிகாரம் ஐந்தாவது சட்டத்தின்படி உங்களுக்கு இருக்கிறது. ஒருவர் உங்கள்மேல் கை வைத்துவிட்டால் இந்தப் படிகள் எதுவும் தேவையில்லை. ஆட்டத்தை அங்கேயே முடித்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்குச் சென்று, அன்று இரவே அறிக்கை எழுதுங்கள். திட்டிய சொற்களை நாகரிகம் கருதி மாற்றி எழுதாதீர்கள். கேட்டது கேட்டபடியே எழுதுங்கள். ‘தகாத வார்த்தை பேசினார்’ என்று எழுதினால் குழு அதை லேசாக எடுத்துக்கொள்ளும். அறிக்கையின் ஒரு பிரதி போட்டிக் குழுவுக்கும், மற்றொன்று உங்கள் மாவட்டக் கால்பந்துக் கழகத்துக்கும் போக வேண்டும்.

உங்கள் ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய நடுவர்கள்மீது வரும் கூச்சலில் ஒரு பகுதி, அவர்கள் பந்துக்கு வெகுதூரத்தில் நின்று தீர்ப்புச் சொல்வதால் வருகிறது. சரியான தீர்ப்பைக்கூட நாற்பது மீட்டர் தள்ளி நின்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மூலைவிட்டமாக ஓடி, ஆட்டம் உங்களுக்கும் துணை நடுவருக்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விசிலை உரக்க ஒரே ஊதலாக ஊதி, கையை நேராக நீட்டித் திசை காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் காரணத்தை இரண்டு சொல்லில் சொல்லலாம்: ‘பின்னாலேர்ந்து தள்ளிட்டே, தம்பி.’ அந்த இரண்டு சொல் அவனுக்குப் பாடம். அவன் தகப்பனுக்கும் பதில். ஆட்டக்காரர்களில் அணித்தலைவர் மட்டுமே நடுவரிடம் வந்து பேசலாம் என்ற முறையை, கால்பந்துச் சட்டங்களை வகுக்கும் சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம் இப்போது ஊக்குவிக்கிறது. 2024இல் ஐரோப்பியக் கோப்பையில் அது நல்ல பலன் தந்தது. டாஸ் போடும்போதே இரு தலைவர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

த்ரோ-இன் ஒன்று திசை மாறியதற்காக இந்த வேலையை விட்டுவிட வேண்டாம். உங்களைப் போன்றவர்கள் விலகிவிட்டால், அடுத்த ஆண்டு அந்தப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்த ஆள் இருக்காது.

கேள்வி: எங்கள் அணி கோலை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தபோது, எதிரணிப் பையன் ஒருவன் தலை மோதிக் கீழே விழுந்தான் என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். கோல் வாய்ப்புப் போயிற்று. அந்தப் பையன் ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டான். ஆனாலும் அவனை மீண்டும் ஆடவிடவில்லை. இரண்டுமே அதிகப்படியாகத் தெரிகிறது.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: அம்மா, அந்த நடுவரின் பெயரை நீங்கள் எழுதியிருந்தால் அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியிருப்பேன்.

காயம் சிறியது என்றால் பந்து வெளியே போகும்வரை ஆட்டம் தொடரலாம். பெரிய காயம் என்று தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். தலையில் அடிபட்டால் அதைப் பெரிய காயமாகவே கொள்ள வேண்டும். மண்டைக்குள் மூளை குலுங்கியதன் அறிகுறிகள் சில சமயம் மணிக்கணக்கில் தாமதித்தே வெளிப்படும். எழுந்து நின்றான், சிரித்தான் என்பது எதையும் உறுதிப்படுத்தாது. அடிபட்ட சிறுவர்களிடம் கேட்பதற்கென்று எளிய கேள்விகள் சில உண்டு: இப்போது நாம் எங்கே இருக்கிறோம்? இது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? உன் வகுப்பு டீச்சர் பெயர் என்ன? இவற்றில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் அவன் அன்று ஆடக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் ஐயம் இருந்தால் உட்கார வைப்பதுதான் முறை. தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

உங்கள் அணிக்கு இழப்பு முழுமையானதும் அல்ல. ஆட்டம் நிறுத்தப்பட்டபோது பந்து பெனால்டிப் பகுதிக்கு வெளியே உங்கள் பிள்ளைகளிடம் இருந்திருந்தால், டிராப் பால் (நடுவர் பந்தைத் தரையில் விட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) உங்கள் அணிக்கே கொடுக்கப்பட வேண்டும். மற்ற எல்லாரும் நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முன்பு இருபுறமும் ஒவ்வொருவர் நின்று முட்டிக்கொண்ட முறை 2019இல் எடுக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: இறுதி ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, பத்து நிமிடம் மீதமிருக்கையில், தொலைவில் இடி கேட்டது என்று நடுவர் எல்லாரையும் வெளியேற்றினார். மழை தொடங்கவே இல்லை. பிறகு ஆட்டம் கைவிடப்பட்டு மறுநாள் முழுவதுமாக மீண்டும் நடத்தப்பட்டது, தோற்றுவிட்டோம். கோப்பை எங்களுக்கு உரியதல்லவா?
– பள்ளி அணியின் பொறுப்பாசிரியர், திருச்சிராப்பள்ளி

பதில்: இல்லை. கைவிடப்பட்ட ஆட்டம் மீண்டும் நடத்தப்பட வேண்டும் என்பதே ஏழாவது சட்டம். போட்டி விதியோ அமைப்பாளர்களோ வேறுவிதமாக முடிவு செய்தால் மட்டுமே அது மாறும். உங்கள் போட்டியின் விதித்தாளில் இதற்கு வழி சொல்லப்படவில்லை என்றால் மறு ஆட்டம் நடத்தியது முறைதான்.

மழை பெய்கிறதா என்பதை வைத்து மின்னலைக் கணிக்கக் கூடாது. மழை பெய்யும் இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணி, முப்பது நொடிக்குள் கேட்டால் மைதானத்தைக் காலி செய்ய வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. நம் ஊரில் சித்திரை, வைகாசி மாத மழை இடியோடுதான் வரும். கோடைப் போட்டி நடத்துகிறவர்கள் ஒதுங்க ஒரு கட்டடத்தை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். மைதானத்து ஓரத்து மரத்தடியில் பிள்ளைகளை நிறுத்துவதைவிட ஆபத்தானது வேறில்லை.

வெயிலுக்கும் இதே கவனம் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மிகாத தண்ணீர் இடைவேளையும், கடும் வெப்பத்தில் ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரையிலான குளிர்விப்பு இடைவேளையும் சட்டத்திலேயே இருக்கின்றன. பலர் இவற்றைப் பெரிய போட்டிகளுக்கு மட்டும் உரியவை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: இடைவேளையின்போது இருட்டத் தொடங்கியதால், இரண்டாம் பாதியை இருபத்தைந்து நிமிடத்திலிருந்து பதினைந்தாகக் குறைத்தார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கூடாது. நேரத்தைக் குறைப்பதானால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் நடுவரும் இரு அணிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். போட்டி விதியும் இடம் தர வேண்டும். இரண்டு பாதிகளும் சம அளவில் இருக்க வேண்டும். பொழுது சாயும் நேரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைப் பார்க்காமல் ஒரே மைதானத்தில் ஆட்டங்களை அடுக்கிய அமைப்பாளர்களின் பிழை இது.

கேள்வி: ஆஃப்சைடு கோலை நடுவர் ஒப்புக்கொண்டார். என் செல்போனில் வீடியோ தெளிவாக இருக்கிறது. குழுவிடம் கொடுத்து முடிவை மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: முடியாது. கோலா, இல்லையா என்பது உள்ளிட்ட ஆட்ட நிகழ்வுகளைப் பற்றி நடுவர் எடுக்கும் முடிவே இறுதியானது. ஆட்டத்தை மீண்டும் தொடங்கிவிட்ட பிறகு அவரே நினைத்தாலும் முந்தைய முடிவை மாற்ற முடியாது. வீடியோ உதவி நடுவர் முறை, அதற்கென அனுமதி பெற்ற போட்டிகளுக்கு மட்டுமே உரியது.

ஆனால் கண் தவறுவது ஒன்று; சட்டத்தையே தவறாகப் பொருத்துவது வேறொன்று. 2015 ஏப்ரலில் நடந்த ஓர் இளையோர் ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் நார்வே 2–1 என முன்னிலையில் இருந்தபோது, ஆட்ட இறுதியில் சேர்க்கப்பட்ட நேரத்தின் கடைசிக் கட்டத்தில் இங்கிலாந்துக்குப் பெனால்டி கிடைத்தது. லியா வில்லியம்சன் கோல் அடித்தார். ஆனால் பந்தை உதைக்கும் முன்பே அவருடைய அணியைச் சேர்ந்த ஒருவர் பெனால்டிப் பகுதிக்குள் ஓடிவந்துவிட்டார். அந்த நிலையில் பெனால்டியை மறுபடி உதைக்கச் சொல்வதே சட்டம். நடுவரோ கோலை ரத்து செய்து நார்வேக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். இது பார்வைக் கோளாறு அல்ல, சட்டப் பிழை என்பதால், ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் ஆட்டத்தை அந்தப் பெனால்டியிலிருந்தே மீண்டும் நடத்த உத்தரவிட்டது. ஐந்து நாள் கழித்து இரு அணிகளும் கூடி, ஏறக்குறைய ஒரு நிமிடமே ஆடின. வில்லியம்சன் மீண்டும் கோல் அடித்தார். ஆட்டம் 2–2 என முடிந்தது. இரு அணிகளும் அடுத்த கட்டத்துக்குப் போயின. அன்று பதின்ம வயதில் அந்த அழுத்தத்தைத் தாங்கியவர், 2022இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் தலைவர்.

ஆகவே உங்கள் ஆட்சேபணை ‘அவர் சரியாகப் பார்க்கவில்லை’ என்பதாக இருந்தால் வீடியோவை வைத்துக்கொண்டு பயனில்லை. ‘த்ரோ-இன்னிலிருந்து நேராக வந்த பந்துக்கு ஆஃப்சைடு கொடுத்தார்’ என்பது போன்றதாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது.

கேள்வி: நான் கல்லூரி முதலாண்டு மாணவி. பள்ளி அணியில் ஆடியிருக்கிறேன். நடுவராக விரும்புகிறேன். பெண்களுக்கு வாய்ப்பு இருக்கிறதா? எங்கே தொடங்குவது?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: இருக்கிறது. உங்களுக்கு அடுத்த மாவட்டமான திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி, ஆட்டக்காரராக இருந்து நடுவராகி, 2016இல் ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். தமிழ்நாட்டிலிருந்து அந்த இடத்தை எட்டிய முதல் பெண் அவர். அதே ஆண்டில் கோவாவைச் சேர்ந்த உவேனா பெர்னாண்டஸ், ஜோர்டானில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் துணை நடுவராகப் பணியாற்றினார். 2002 உலகக் கோப்பையில் கொடிபிடித்த நம் கே. சங்கரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2022இல் பிரான்ஸின் ஸ்டெஃபனி ஃப்ரப்பார், ஆண்கள் உலகக் கோப்பையில் கோஸ்டாரிகா – ஜெர்மனி ஆட்டத்தை நடத்திய பிறகு, பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

உங்கள் மாவட்டக் கால்பந்துக் கழகத்தின் செயலாளருக்கு எழுதி, அடுத்த நடுவர் வகுப்பும் தேர்வும் எப்போது என்று கேளுங்கள். எழுத்துத் தேர்வும் ஓட்டத் தேர்வும் இருக்கும். சட்டங்கள் பதினேழுதான், சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் ஜூலையில் திருத்தங்கள் வரும் என்பதால் பழைய புத்தகத்தை நம்ப வேண்டாம். எடுத்துக்காட்டாக, கோல் கீப்பர் எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்பது 2025இல் வந்த மாற்றம். முதலில் ஐந்தாவது சட்டத்தையும் பன்னிரண்டாவது சட்டத்தையும் படியுங்கள். பிறகு இளையோர் ஆட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட மாற்றங்களைப் பாருங்கள்: மைதான அளவு, கோலின் அகல உயரம், பந்தின் அளவு, ஆட்ட நேரம், வெளியே போன பிள்ளை திரும்ப உள்ளே வரும் மாற்று முறை ஆகிய எல்லாவற்றையும் போட்டி விதியால் மாற்றிக்கொள்ளலாம். இது தெரியாததால் பத்து வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களின் கோல் கம்பத்துக்குக் கீழே நிறுத்தி ஆடவிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

முதல் ஆட்டத்துக்கு இரண்டு கடிகாரம், இரண்டு விசில், ஒரு நாணயம், பென்சில், சின்னக் குறிப்பேடு, அட்டைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மைதானத்தில் இறங்கியதும் நகர்த்தக்கூடிய கோல் கம்பம் தரையோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இரு கையாலும் ஆட்டிப் பாருங்கள். கட்டாத கம்பம் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்த நிகழ்வுகள் பல நாடுகளில் உண்டு. அது ஆடினால், மணல் மூட்டை வைத்து இறுக்கும்வரை, பிரமுகர்கள் எத்தனை பேர் காத்திருந்தாலும், விசில் ஊதாதீர்கள்.